நீலக்கரை போட்ட தட்டு

காளவாசல் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருக்கும் அந்த மாடி வீட்டில் காலையிலிருந்தே வெண்ணெய் வாசனை. ஸ்யாமளாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருஷம் கழித்து மகள் தீப்தி வீட்டுப் படியேறப் போகிறாள். எழுமலை கிராமத்துப் பையன் மருதுவைக் கட்டிக்கொண்டு அவள் போன நாளிலிருந்து, "அவ பேச்சை எடுக்காதே" என்று வீம்பாக இருந்தவர் ஸ்யாமளாவின் கணவர் ஹாலாஸ்யம். மகள் முழுகாமல் இருக்கிறாள், ஏழாம் மாதம் என்று காதில் விழுந்ததும் மனுஷர் அப்படியே இறங்கி வந்துவிட்டார். பெற்ற வயிறாவது பரவாயில்லை, இந்த அப்பன்மார்களின் வீறாப்பு இருக்கிறதே, சொல்லி மாளாது.

ஸ்யாமளாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் இன்றைக்கே கேட்டுச் சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

தீப்திக்குச் சின்ன வயதிலிருந்தே ஓம பிஸ்கட் என்றால் உயிர். மைதாவும் வெண்ணெயும் ஓமமும் சேர்த்து, துளி உப்பு, துளி சர்க்கரை, கொஞ்சம் தயிர் விட்டுப் பிசைந்து, தேய்த்து, வட்ட வட்டமாக வெட்டி ஓவனில் வைத்தாள் ஸ்யாமளா. வெந்ததும் அள்ளி டப்பாவில் கொட்டுகிற ரகமில்லை அவள். கம்பித் தட்டில் பரப்பி, சூடு சுத்தமாக அடங்கிய பிறகுதான் மூடி போடுவாள். இல்லாவிட்டால் உள்ளே வேர்த்து, சாயங்காலமே நமுத்துப் போகும். பொன்னிறமாக, உடையாமல் வந்ததெல்லாம் எவர்சில்வர் டப்பாவுக்கு. ஓரம் கருகினது, உடைந்தது எல்லாம் பிளாஸ்டிக் ஜாடிக்கு.

ஜாடியில் இருப்பது 'வர்றவா போறவா'வுக்கு. பாத்திரம் தேய்க்க வருகிறவள், சிலிண்டர் போடுகிறவர், குழாய் ரிப்பேர் பார்க்கிறவர் எல்லோருக்கும் அதிலிருந்துதான். அவர்களுக்கென்று நீலக்கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்று தனி அலமாரியில் இருக்கும். தீட்டு, மடி என்று அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதே கிடையாது. சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை, அம்புட்டுதான்.

தீப்தியோடு மருது வந்தான். வாசலிலேயே குனிந்து இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டான். தீப்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஸ்யாமளாவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டே விட்டாள்.

"மாப்பிள்ளை, பிரசவத்துக்கு அவ இங்கே வரட்டுமே. நான் பாத்துக்கறேன்."

"அதுக்கென்னத்தே, கேக்கணுமா? அவ அம்மா வீடு. அடுத்த மாசமே கொண்டாந்து விட்டுர்றேன்" என்றான் மருது.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்! "இருங்கோ, பிஸ்கட் கொண்டு வரேன்" என்று சமையலறைக்கு ஓடினாள். காபிக்கு வைத்த பால் பொங்கியது. ஒரு கையால் அடுப்பை அணைத்து, மறு கையால் தட்டுகளை எடுத்து, பிஸ்கட் எடுத்து வைத்து, டிரேயைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மகளுக்கும் கணவருக்கும் எவர்சில்வர் தட்டு. மாப்பிள்ளைக்கு நீலக்கரைத் தட்டு. அதில் ஓரம் கருகின பிஸ்கட்.

மருது ஒன்றைக் கடித்துப் பார்த்து, "சூப்பரா இருக்கத்தே! எனக்கு இப்புடி முறுகுனாத்தான் புடிக்கும். இன்னும் ரெண்டு தாங்க" என்றான்.

தீப்தி எழுந்து அம்மாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"அவருக்கு எந்தத் தட்டும்மா குடுத்தே?"

அப்போதுதான் ஸ்யாமளாவுக்கே உறைத்தது. "ஐயோ, சத்தியமா வேணும்னு பண்ணலைடி! அவசரத்துல கை தப்பிடுத்து."

"எனக்கும் அப்பாவுக்கும் உன் கை தப்பலையே."

ஸ்யாமளா அடுப்பு மேடையில் பொங்கி வழிந்த பாலைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அவருக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சிரிச்சிண்டே சாப்பிடுவார். நாளைக்கு என் குழந்தை தவழ்ந்து வந்து கை நீட்டும். அதுக்கு எந்தத் தட்டு வச்சிருக்கே?" தீப்தியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட ஸ்யாமளா கொஞ்சம் தாங்கியிருப்பாள். "நான் இங்கே பிரசவத்துக்கு வரலை."

உடனே கிளம்பலாம் என்று தீப்தி வந்து நின்றதும் மருதுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அலைச்சலில் அவளுக்கு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, "வாரேன் அத்தே" என்று கிளம்பினான். அன்றைக்கே ஸ்யாமளா அந்தத் தட்டைப் போட்டு உடைத்தாள். தட்டை உடைக்கலாம், கையை என்ன செய்ய? தினமும் மகளுக்குப் போன் போட்டாள். தீப்தி எடுத்தாள், "நன்னா இருக்கேன்" என்றாள், வைத்தாள்.

பிரசவம் எழுமலையில் நடந்தது. மருதுதான் கூப்பிட்டான். "பொம்பளப் புள்ளத்தே. மாமாவையும் கூட்டிட்டு வந்து பாருங்க."

போனார்கள். மருதுவின் அம்மா விருமாயி தெரு வரைக்கும் வந்து கும்பிட்டுக் கூட்டிப்போனாள். உள்ளே தீப்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள், மடியில் குழந்தை. அவளுக்குப் பத்தியச் சாப்பாடு, வெந்நீர், தலைக்குச் சாம்பிராணி எல்லாம் விருமாயிதான் என்பது பார்த்தாலே தெரிந்தது. தான் செய்திருக்க வேண்டியதையெல்லாம் இன்னொருத்தி செய்வதைப் பார்த்துக்கொண்டு ஸ்யாமளா ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

விருமாயி ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அதில் கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட் ஒன்று, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று.

"பேத்தியப் பாக்க வந்துட்டு வெறும் வயித்தோட போகக் கூடாது, தாயி. எங்க வீட்ல நீங்க புழங்க மாட்டீக, தண்ணிகூடக் குடிக்க மாட்டீக. அதான் கடையிலருந்து வாங்கியாரச் சொன்னேன். பிரிக்கல. யாரும் கை வைக்கல. நீங்களே பிரிச்சுச் சாப்புடுங்க."

"தீப்தி சொன்னாளா?" என்றாள் ஸ்யாமளா.

"அவ என்னத்தச் சொல்லப் போறா? எங்களுக்குத் தெரியாததா!" என்றாள் விருமாயி. அந்த முகத்தில் குத்தலோ கோபமோ கொஞ்சமும் இல்லை.

ஸ்யாமளா பாக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். "உங்க கையாலயே பிரிச்சுக் குடுங்கோ."

விருமாயி பதறிப் பின்வாங்கினாள். "ஐயையோ, வேணாந்தாயி. பச்ச ஒடம்புக்காரியும் பச்சப்புள்ளயும் இருக்குற வீடு. எங்க கைபட்டத உங்களுக்குக் குடுத்த பாவம் எங்களுக்கு எதுக்கு?"

ஸ்யாமளா மகளைப் பார்த்தாள். தீப்தி குனிந்து குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அப்படியே இருந்த ஸ்யாமளா, பேத்தி எதிரில் விம்மி அழத் தொடங்கினாள்.

விருமாயி அருகில் ஓடி வந்தாள். தோளைத் தொட்டு ஆற்றலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு எட்டுத் தள்ளி நின்றபடி, "அழாதீக தாயி, அழாதீக" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.