கரப்பான் போத்தல்

என் மகள் அருந்ததிக்கு எட்டுப் பாடத்திலும் எட்டு டீ. ஓ.எல். சோதனையில் அதற்கு மேல் எடுக்க ஒன்றுமில்லை. என் அக்கா அன்னபாக்கியத்தின் மகள் சுகிர்தாவுக்கு ஆறு டீயும் இரண்டு சீயும். இதை இங்கே இரண்டாவதாக எழுதுகிறேன். அன்றைக்கு நான் முதலில் விசாரித்து அறிந்தது இதைத்தான்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்தது கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் வீட்டு மேல்மாடியில். தொலைபேசி கீழே, அவருடைய ஹோலில். வெள்ளவத்தைக்கு எடுத்தேன். மணி அடிக்கத் தொடங்கும் முன்னமே அக்கா எடுத்துவிட்டாள். பக்கத்திலேயே குந்தியிருந்திருக்க வேண்டும்.

"அருந்ததிக்கு என்னவாம்?"

"எட்டு டீ அக்கா."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல நேரங்களில் அதுவும் ஒன்று.

"நல்லது. அப்ப பயோ தானே?"

"பின்னை? எட்டு டீயை வச்சுக்கொண்டு வேறை என்ன செய்யிறது?"

அருந்ததியை நான் அதுவரை கேட்கவில்லை. கேட்கிற விஷயமாகவே எனக்குப் படவில்லை. எங்கள் ஆட்களிடம் கணக்கு எப்போதும் ஒன்றுதான். நல்ல றிசல்ட் என்றால் ஏ.எல்.லில் டொக்டருக்குப் போகிற பயோ, இல்லையென்றால் கணிதம். குறைந்தவர்கள் கொமேர்ஸ், அதிலும் குறைந்தவர்கள் ஆர்ட்ஸ். எட்டு டீ எடுத்த பிள்ளை கொமேர்ஸ் செய்தால் கோயிலில் காண்கிற சனம், "ஏன், சயன்ஸிலை விட்டிட்டாவோ?" என்று பரிதாபமாகக் கேட்கும்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் இல்லை. படிப்பதென்றால் யாழ்ப்பாணம் ரவுனில் விடுதியில் விடவேண்டும். ஒரு பிள்ளையைத்தான் விடலாம் என்று அப்பா சொன்னார், அக்காவை விட்டார். எனக்குத் தமிழும் புவியியலும் மனையியலும். அக்கா ஏ.எல். சோதனை இரண்டு முறை எடுத்தாள். இரண்டு முறையும் கொஞ்சப் புள்ளியால் மெடிசின் தவறியது. அதற்குப் பிறகு அவள் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், "இவதான் மெடிசின் கிடைக்க இருந்தவ" என்றுதான் அறிமுகம். கிடைத்தவர்களுக்குக்கூட அவ்வளவு மரியாதை இல்லை. நான் எதுவும் கிடைக்க இருந்தவள் அல்ல. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் ரைப் அடிக்கிறேன். எட்டு டீ வந்த அன்று, நான் பிறந்த நாளிலிருந்து அக்காவின் பக்கம் சரிந்துகிடந்த தராசு என் பக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

அருந்ததி கட்டிலில் இருந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் கொமேர்ஸ் செய்யப்போறன். றவூப் சேரின்ரை கிளாஸிலை பேரும் குடுத்திட்டன்."

"எட்டு டீ எடுத்துப்போட்டுக் கொமேர்ஸோ?"

"எனக்கு எக்கவுன்ஸ் விருப்பம். ரத்தம் பார்க்க ஏலாது."

அதற்கு முந்தின வருஷம் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்தபோது இவளுடைய பள்ளிக்கூட வான் அந்த றோட்டில்தான் நின்றது. வீட்டுக்கு வந்தவள் அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையைத் தோய்க்கவும் விடாமல் குப்பையில் போட்டாள். என்ன கண்டாள் என்று சொல்லவில்லை. நாங்களும் கிண்டவில்லை. காலம் போக மறந்துவிடுவாள் என்றிருந்தேன்.

"டொக்டர் ஆகிறவைக்கு எல்லாம் முதலிலை அப்பிடித்தான். பிறகு பழகிப்போகும்," என்றேன்.

"எனக்குப் பழக வேண்டாம் அம்மா."

என் கணவர் நாகேந்திரம் ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "படிக்கப்போறது அவள். நீ ஏன் கிடந்து துடிக்கிறாய்?" என்றார். அவருக்கு அக்கா இல்லை. அவருக்கு விளங்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான் என்று அவருக்குச் சொன்னேன். அக்காவின் பிளட்டில் கடற்காற்று யன்னல் சீலையைத் தூக்கித் தூக்கிப் போடும். எங்கள் யன்னலைத் திறந்தால் துறைமுகத்து லொறிப் புகை. அன்றைக்கு அந்தக் காற்றில் வேறொன்றும் ஆடியது. வாசலுக்கு நேரே, வருகிறவர் கண்ணில் முதலில் படும் ஆணியில், ஒரு புது வெள்ளைக் கோட்.

"சுகிக்குத் தைப்பிச்சது," என்றாள் அக்கா. மேசையில், பூச்சி எலிகளை வெட்டிப் பழகுகிற ஆயுதப் பெட்டி திறந்திருந்தது. கத்தரிக்கோல், ஊசிகள், சின்னக் கத்தி, எல்லாம் பளபளவென்று. சுகிர்தா விலங்கியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு சீ வந்திட்டுதெண்டு நான் கவலைப்படேல்லை கௌரி. ஓ.எல்.லைப் பிறகு ஆர் கேக்கினம்? ஏ.எல். தானே கதை. நீ அருந்ததிக்குப் பெட்டி வாங்கியாச்சோ?"

"ஓம், போன கிழமையே."

இரண்டு சீக்காரி வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நடப்பாள். என் எட்டு டீ ஏதோ வங்கியில் பேரேடு புரட்டும். அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் எழும்பி, காலி வீதிப் புத்தகக் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கினேன். அக்காவுடையதில் கத்தரிக்கோல் ஒன்று. இதில் இரண்டு.

அருந்ததியிடம், "ஒரு மாசம் போய்ப் பார். பிடிக்காட்டில் விடு," என்றேன். அதை நானும் நம்பவில்லை, அவளும் நம்பவில்லை. ஆனாலும் போனாள். சுகிர்தா போகிற அதே வெள்ளவத்தை ரியூஷன், அதே வாங்கில் பக்கத்துப் பக்கத்து இருப்பு. போய்வந்தால் பேச்சில்லை. முன்பெல்லாம் நான் சமைக்கும்போது குசினி நிலையில் சாய்ந்துகொண்டு வகுப்புக் கதை எல்லாம் சொல்லுவாள். அது நின்றுபோனது. படிக்கிறாள், களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு கரப்பான்பூச்சி வந்தது. செய்முறை வகுப்புக்கு ஆளுக்கு இரண்டு மூன்று கொண்டுவரச் சொல்லி சேர் சொல்லியிருந்தார். அக்கா தொலைபேசி எடுத்தாள்.

"எங்கடை பிளட்டிலை கரப்பான் மருந்துக்கும் இல்லையடி. உங்கடை பக்கம் தாராளமா இருக்குமே. சுகிக்கும் சேர்த்துப் பிடிச்சுவிடன்."

"எங்கடை வீட்டிலையும் இல்லை," என்றேன். அந்த நேரம் கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் அலுமாரியில் ஒன்று நடந்துபோய்க்கொண்டிருந்தது.

அக்காவின் மகளுக்கு ஒரு கரப்பான் காலும் கொடுக்கிறதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு வேட்டையில் இறங்கினேன். வெறும் ஹோர்லிக்ஸ் போத்தலின் உள்வாயில் எண்ணெய் தடவி, அடியில் சர்க்கரைத் துண்டு போட்டு, கழுவுகிற தொட்டிக்குக் கீழே வைத்தேன். வெள்ளிக்கிழமை, மீன் சட்டியையே தொடாத நாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உயிருள்ள ஒன்றின் பின்னால் குசினி முழுக்க ஓடினேன். சின்னதுகளை விட்டுவிட்டேன். வளர்த்தி பார்த்து, மீசை நீண்டதாகப் பார்த்துப் பிடித்தேன். மூடியில் ஓட்டை போட்டுப் பேப்பரில் சுற்றி, காலையில் கொண்டுபோகச் சொல்லி மேசையில் வைத்தேன்.

சனிக்கிழமை அருந்ததி அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, போத்தலையும் கொண்டு பஸ் ஏறினேன்.

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரப் பெடியன் என் கையிலிருந்த பொதியைக் காட்டி, இதற்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மேக்கே மொனவத?"

"கெரப்பொத்தோ," என்றேன். கரப்பான்பூச்சி என்று சிங்களத்தில் சொல்லுவதற்கு அன்றுதான் தேவை வந்தது.

அவன் ஓர் அடி பின்னால் போனான். பிறகு துவக்கு நுனியால் பேப்பரை விலக்கிப் பார்த்துவிட்டுக் கூட நின்றவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் குனிந்து பார்த்துவிட்டு, எதற்கு என்றார்கள்.

"மொகடத?"

"துவட்ட. டொக்டர் வென்ன."

மகளுக்கு, டொக்டராக வர என்று சொல்லும்போது என் வாய் இனித்தது. அவன் சிரித்துவிட்டுப் போத்தலை இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். வெள்ளவத்தை வரும்வரைக்கும் நான் ஒரு டொக்டரின் தாயாகவே இருந்தேன்.

ரியூஷன் ஒழுங்கைக்குள் திரும்பினால், வாசல் படியில் இரண்டு பிள்ளைகள். அருந்ததி முழங்காலுக்குள் தலையை வைத்திருந்தாள். சுகிர்தா தண்ணீர்ப் போத்தலோடு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்காவின் மகள் என் மகளின் முதுகைத் தடவுவதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான்.

"என்ன நடந்தது?"

"சேர் எலியை வெட்டிக் காட்டினவர் சித்தி. அருந்ததி எழும்பி ஓடிவந்து சத்தி எடுத்திட்டா. படம் காட்டினாலும் இப்பிடித்தான். நான் கூட்டிக்கொண்டு வெளியிலை வருவன். எனக்கும் வெளியிலை வர ஒரு சாட்டு வேணுமே."

"உனக்கு என்னத்துக்குச் சாட்டு? நீ விரும்பித்தானே வந்தனி?"

சுகிர்தா என்னை வியப்பாகப் பார்த்தாள்.

"ஆர் சொன்னது? நான் அம்மாட்டை ஆர்ட்ஸ் கேட்டனான். சித்திரம் செய்யப்போறன் எண்டு. அம்மா ஓம் எண்டும் சொன்னவ. பிறகு நீங்கள் ரெலிபோன் எடுத்து அருந்ததி பயோ எண்டியள். ரெலிபோனை வைச்ச கையோடை, நீயும் பயோதான் எண்டிட்டா."

ஒழுங்கையில் நின்று அதைக் கேட்டேன். கையில் கரப்பான்கள் போத்தலைச் சுரண்டிக்கொண்டிருந்தன. மெடிசின் கிடைக்க இருந்த அக்கா, மகளை ஆர்ட்ஸ் செய்ய விட்டிருக்கிறாள். நான் வாய் வைக்கும்வரை விட்டிருக்கிறாள்.

"நீங்கள் அருந்ததியை விட்டால் அம்மா என்னையும் விட்டிடுவா சித்தி. பிறகு அவவுக்கு ஆரோடை போட்டி?"

அருந்ததி தலையைத் தூக்கினாள். முகத்தில் இரத்தமே இல்லை. என் கையைப் பார்த்தாள்.

"நீங்களோ பிடிச்சனீங்கள் அம்மா?"

"ஓம்."

"எல்லாம் பெரிசு பெரிசா இருக்கு," என்றாள். என் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை அந்தக் கதவுக்குள் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அக்காவிடம் போய்ச் சொல்லவேண்டும். அக்காவின் பிளட்டுக்கு நான் அத்தனை மெதுவாக ஒருநாளும் படியேறியதில்லை. இதைச் சொன்ன நிமிஷமே தராசு திரும்பிப் போய்விடும். பெரிய டீயெல்லாம் எடுத்தும் தாக்குப்பிடிக்கவில்லை என்று லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் கதை போகும். நடுப்படியில் நின்றுவிட்டேன். பின்னால் பிள்ளைகள் இருவரும் நின்றார்கள். சுகிர்தா எனக்கு முன்னால் போய் மணியை அழுத்தினாள்.

"அக்கா, அருந்ததி பயோவை விடுறா. கொமேர்ஸ் செய்யப்போறா."

அக்காவின் முகத்தில் சந்தோஷம் வந்து, அதை அவள் அமுக்கப் பார்த்து, அமுக்க முடியாமல் கவலையாக மாற்றினாள். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். அவளுடைய மகளின் இரண்டு சீயைக் கேட்டபோது நானும் அந்த முகத்தைத்தான் வைத்திருந்தேன்.

"ஏனடி, ஏலாமல் போச்சோ?"

"ஏலாமல் இல்லை. விருப்பமில்லை."

"அதுதானே. எட்டு டீ எடுத்த எல்லாருக்கும் பயோ ஓடாது கௌரி. நீ யோசிக்காதை." உள்ளே போய் ஏலக்காய் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு அவள் ஏலக்காய் போடுவதில்லை.

சுகிர்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னேன்.

"சுகிக்கும் விருப்பமில்லையாம் அக்கா. அவளையும் விடுங்கோவன்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உன்ரை பிள்ளை விட்ட உடனை என்ரை பிள்ளையையும் விடச் சொல்லிறியோ? உனக்கு அந்த எரிச்சல் சின்னனிலையிருந்து இருக்கு. நான் ரவுனுக்குப் போன நாளிலையிருந்து."

முதன்முறையாக எரிச்சல் இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னேன். அதை நம்ப அக்காவுக்கு ஒரு காரணமும் நான் வைத்திருக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சொன்ன மிச்சமெல்லாம் உண்மையாக இருந்ததால் மூடிக்கொண்டேன்.

அக்காவின் கண் என் மடிக்கு வந்தது.

"உது கரப்பானோ? இனி உனக்கு என்னத்துக்கு? சுகி, சித்தியிட்டை வாங்கிக் கொண்டுபோய் வை. அந்தப் பெட்டியையும் பிறகு அனுப்பிவிடு கௌரி. அதிலை ரெண்டு கத்தரிக்கோலாமே."

சுகிர்தா வந்து கை நீட்டினாள். கொடுத்தேன். பேப்பர் கழன்றிருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட் தொங்கிய ஆணியைத் தாண்டி உள்ளே போனாள்.

திரும்பிவரும் பஸ்ஸில் அருந்ததி என் தோளில் சாய்ந்துகொண்டாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு. அப்போதும் எனக்கு எரிந்தது. அவ்வளவும் என் குசினியில் நான் பிடித்த கரப்பான்கள். சுகிர்தா டொக்டராக வந்தால் அக்கா டொக்டரின் தாய். வராவிட்டாலும் குறைவில்லை, மெடிசின் கிடைக்க இருந்த பிள்ளை என்று கலியாண வீடுகளில் சொல்லுவாள். எப்படிப் பார்த்தாலும் அவளுக்குத்தான் வெற்றி என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அருந்ததி மெதுவாகக் கேட்டாள்.

"இனிச் சுகி என்ன சாட்டுச் சொல்லி வெளியிலை வருவா அம்மா?"