பத்தாவது கூறு

பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். காளியப்பன் தன் பயிரில் இறங்கிய ஒரு கரும்பன்றியை மதில் மூலையில் மடக்கி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் மண்டையில் ஒரு போடு போட்டார். விழுந்தது எழுந்து அவர் தொடையைக் கிழித்துவிட்டு ஓடப் பார்த்தது. பின்னங்காலைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் கொடுவாளை இறக்கினார். எழுபத்திரண்டு வயது மனிதர். எனக்குச் செருப்புப் போடவே மூச்சு வாங்குகிறது.

சேர்வராயன் மலைக்காரர். மனைவி போனபின் ரயில்வேயில் வேலை செய்யும் மகன் சிவபிரகாஷ் அவரைச் சூரமங்கலத்தில் எங்கள் ஒன்பது வீட்டு வரிசைக்குக் கூட்டிவந்தான். முதல் இரண்டு மாதம் கட்டிலை விட்டு எழவில்லை. போய்ச் சேர்ந்துவிடுவார் என்றே நினைத்தோம். பிறகு ஒருநாள் எதிரே கிடந்த குப்பைமேட்டைக் கொத்தத் தொடங்கினார். கேழ்வரகும் அவரையும் முளைத்தன, மனிதரும் முளைத்தார். அந்தத் துண்டு நிலத்தைக் காடு என்றே சொன்னார்கள். “ஒரு புகார் வந்தாலும் காடு கிடையாது, வெளிய போறதும் கிடையாது” என்று மகன் சொல்லியிருந்தான்.

பயிரில் இறங்கும் பன்றிக்கு அவர் மலையில் உடையவன் கிடையாதாம். டவுன் பன்றிக்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குக் கறி ஆசை. வாழையிலையில் வீட்டுக்கு ஒன்றாக ஒன்பது கூறு வைத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தாவதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.

“அது யாருக்குங்க?” என்றேன்.

“வழியில வாரவங்களுக்குச் சாமி. கூறு போடறப்ப யாரு வந்தாலும் ஒன்னு குடுக்கோணும்.”

தனபால்தான் வந்தான். பன்றி வளர்க்கிறவன். கூட இரண்டு பேர், இரண்டு பைக். காளியப்பன் முகம் மலர எழுந்து, ஒரு கையில் இலையும் மறு கையில் கழுவாத கொடுவாளுமாக அவனை நோக்கி வேகமாக நடந்தார். தொடை ரத்தம் வேட்டி முழுக்க ஊறியிருந்தது.

“வெட்ட வாரான்டா” என்று கத்திய தனபால் இரும்புப் பைப்பை வீசினான். அவருடைய வலக்கை முறிந்த சத்தம் என் வாசல்வரை கேட்டது. விழுந்தவரை மூன்று பேரும் மிதித்தார்கள். நெஞ்சில், முகத்தில், கிழிந்த தொடையில்.

“குட்டி போடற பன்னிடா அது. மீதிக் கறி எங்கடா?”

வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றோம். அவர் ஒரு வாசலையும் பார்க்கவில்லை.

“நாய் தின்னுடுச்சு சாமி.”

அதற்கும் ஒரு மிதி விழுந்தது. அப்போது என் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. நான் உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். என் மனைவி கலைமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இரவு ஷிப்டு முடிந்து சிவபிரகாஷ் வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தான். மதில் மூலையில் உறைந்திருந்த பன்றி ரத்தத்தையும் பார்த்தான். ஆட்டோவுக்குப் போன் செய்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

“சொன்னன்ல. சொன்னன்லப்பா.” அழுதுகொண்டே வெட்டினான். பால் பிடித்த கதிர்கள் வேரோடு சாய்ந்தன. அவரைப் பந்தலை உதைத்துத் தள்ளினான்.

காளியப்பன் தடுக்கவில்லை. தொங்கும் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்த கதிர்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் சேர்த்தார். சின்னச் சின்னக் குவியல்கள். ஒன்று பெரிதாகிவிட்டால் அதிலிருந்து எடுத்து அடுத்ததில் போட்டார். ஒன்பது முடிந்ததும் நகர்ந்து நகர்ந்து போய், தனபாலின் பைக் நின்ற இடத்தில் பத்தாவதை வைத்தார்.

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவர் ஏறவில்லை. ஒன்பது வாசலையும் பார்த்துக்கொண்டு, யாராவது எடுத்துக்கொள்ள வருவார்கள் என்று காத்திருந்தார்.