சகலை உடைத்த முழங்கால்

கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று விமானக் கம்பெனி சொன்னால், மற்றப் புகைப்படக்காரர்கள் எதை வீட்டில் விட்டுப் போகலாம் என்று யோசிப்பார்கள். பெட்டிக்காரர் அப்படி யோசித்ததே இல்லை. இரண்டு கேமரா, நான்கு லென்ஸ், ஒரு ஃபிளாஷ், ஆறு பேட்டரி, சார்ஜர், கார்டு டப்பா எல்லாம் அவர் கைபட்டால் ஏழு கிலோவுக்குள் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பட்டப்பெயரும் அதனால் ஒட்டியதுதான். ஒருமுறை விமான நிலையத்தில் சோதனைக்காக அவர் பையைத் திறந்த அதிகாரிக்கு அதைத் திரும்ப மூட முடியவில்லை. மூன்று பேர் மேலே ஏறி உட்கார்ந்தும் முடியவில்லை. கடைசியில் இவரையே கூப்பிட்டு அடுக்கச் சொன்னார்கள். அடுக்கி முடித்தபோது ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் அந்த அதிகாரியின் சாப்பாட்டு டப்பாவை வைத்துக் காட்டினார். நம்பாதவர்கள் அந்த அதிகாரியையே கேட்டுக்கொள்ளலாம். அவர் ஓய்வுபெற்றுவிட்டார், எங்கே இருக்கிறார் என்றுதான் தெரியாது.

அன்று மதியம் கட்டில்மேல் பையை விரித்துப்போட்டு அவர் அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறரைக்கு விமானம். இரண்டு நாள் வேலை: ஒரு காற்றாலைக் கம்பெனிக்குப் படம் எடுக்க வேண்டும். எந்த வேலைக்கும் சகலை இல்லாமல் அவர் போனதில்லை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள், பதினெட்டு வருடமாகத் தொழிலிலும் கூட்டு. கேமராக்கள் சகலையுடையவை, லென்ஸ்கள் இவருடையவை. ஒருவன் இல்லாமல் இன்னொருவன் ஒரு படம்கூட எடுக்க முடியாது. தொழில் தொடங்கிய நாளில் வேண்டுமென்றே செய்துகொண்ட ஏற்பாடு அது. கேமராக்களை முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்து, சேர்த்து அடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான் சகலை.

ஸ்டூடியோப் பலகையில் சகலையின் பெயர்தான் இருந்தது. இவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் இந்த முறை எடுக்கப்போகும் படங்களைக் காற்றாலைக்காரர்கள் புத்தகமாகப் போடப் போகிறார்கள், எடுத்தவர் பெயர் அட்டையில் வரும். ஒரு மாதமாக இவர் கண்ணாடி முன் நின்று சவரம் செய்யும்போதெல்லாம் முகத்துக்குக் கீழே தன் பெயர் அச்சாகித் தெரிந்தது.

"அது என் காலுறை" என்றாள் மனைவி, அவர் ஒரு லென்ஸை உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தபோது.

"தெரியும். என்னோடதுல ஓட்டை இருக்கு. லென்ஸ் எட்டிப் பாக்கும்."

"வரும்போது துவைச்சுக் கொண்டாங்க."

கையில் தொங்கவிடும் தராசில் பையை மாட்டித் தூக்கினார். ஆறு கிலோ தொள்ளாயிரம். தராசுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் போன் அடித்தது. காற்றாலைக் கம்பெனி மேலாளர்.

"சார், முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"எந்த முழங்கால் சார்?"

"அடடா, ரெண்டுமா? உங்க சகலை ஒண்ணுன்னுதானே சொன்னாரு. மாடிப்படியில உருண்டுட்டீங்களாமே."

அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது.

"நாங்க உங்களைத்தான் சார் கேட்டோம்" என்றார் மேலாளர். "காத்தாலைக் கோபுரத்து மேல ஒரு ஆள்தான் ஏற முடியும், அதனால ஒருத்தர் வந்தா போதும், பெரியவரை அனுப்புங்கன்னோம். அவர்தான் குரல் தழுதழுக்கச் சொன்னாரு, அண்ணன் எழுந்து நடக்க ஆறு மாசம் ஆகும்னு. சரின்னு டிக்கெட்டையும் அட்டைல வர்ற பேரையும் அவருக்கு மாத்திட்டோம். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க."

வாடிக்கையாளர் முன்னால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுப்பதில்லை என்று பதினெட்டு வருடமாக ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் இவரைக் கேட்காமலே வாயைத் திறந்தது.

"ஒரு கால்தான் சார். இப்ப வீக்கம் வடிஞ்சிருக்கு."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"யாரு?" என்றாள் மனைவி.

"எனக்குக் கால் உடைஞ்சிருக்காம்."

"எந்தக் கால்?"

"கேக்க மறந்துட்டேன்."

பிறகு முழுவதையும் சொன்னார். அவள் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு வந்து, அவருடைய இடது முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

நான்கு மணிக்குச் சகலை கார் வந்து நின்றது. பெட்டிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்க் கதவைத் திறந்தார்.

"கால்ல என்னண்ணே?"

"நீதான் சொல்லணும். எத்தனாவது படியில விழுந்தேன்?"

சகலையின் கண் முழங்காலுக்குப் போகவில்லை. கட்டில்மேல் இருந்த பைக்குப் போனது.

"அண்ணே, நானே சொல்லலாம்னுதான்..."

"ஆறு மாசம்னு சொல்லியிருக்க. கொஞ்சம் குறைச்சிருக்கலாம். வீட்டுக்கு யார் காய்கறி வாங்குறது?"

"ஒரு ஆள்தான் வரணும்னுட்டாங்கண்ணே. உங்க வயசுக்கு அந்தக் கோபுரம் ஏறுறதுன்னா..."

"உன்னைவிட ரெண்டு வயசு மூத்தவன் நான். ரெண்டு வயசுக்குக் கோபுரம் எவ்வளவுடா வளந்துடும்?"

மனைவி சமையலறை வாசலில் நின்றபடி, "என் தங்கச்சிக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாதுக்கா" என்றான் சகலை, தரையைப் பார்த்து. அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் சொன்னதில் நம்பும்படியாக இருந்தது.

பெட்டிக்காரர் கட்டிலுக்கு நொண்டிப் போனார். பையின் ஜிப்பைத் திறந்தார். காலுறை போட்ட நான்கு லென்ஸ்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தலையணைமேல் வரிசையாக வைத்தார்.

"உன் சாமானை நீ எடுத்துட்டுப் போ. என் சாமான் என்னோட இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சகலையின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். லென்ஸ் இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு காற்றாலையை என்ன செய்வான்? வெயிலுக்குத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளலாம். அவன் முகம் தொங்கும், உட்காருவான், அழுவான், இவரும் கொஞ்சம் திட்டிவிட்டு மன்னித்துவிடலாம் என்று அதுவரைக்கும் மனத்துக்குள் அடுக்கிவைத்திருந்தார்.

முகம் தொங்கவில்லை. சகலை வெளியே போய்க் கார் டிக்கியைத் திறந்து நான்கு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான்கிலும் லென்ஸ். இவர் வைத்திருந்த அதே நான்கு அளவு.

பெட்டிக்காரர் ஒரு பெட்டிக்குள்ளிருந்த உத்தரவாத அட்டையை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில், "அண்ணே, அந்தப் பெரிய லென்ஸை ரெண்டு நாளைக்குக் கொடுங்க" என்று இவன் எத்தனை முறை வந்து இதே வாசலில் நின்றிருக்கிறான். ஒருமுறை மழையில் நனைந்துகொண்டு வந்தான். லென்ஸ் நனையக்கூடாதென்று இவர்தான் தன் குடையைக் கொடுத்து அனுப்பினார். அந்தக் குடையும் திரும்பி வரவில்லை.

"பதினாலு மாசம்" என்றார்.

"ஒரு ஆபத்துக்கு இருக்கட்டும்னு வாங்கி வச்சதுண்ணே."

"யாரால வர்ற ஆபத்து?"

பெட்டிக்காரர் உத்தரவாத அட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"சரி, எல்லாம்தான் உன்கிட்ட இருக்கே. அப்புறம் என்னை எதுக்கு அடுக்கச் சொன்ன?"

"நீங்க அடுக்கினாத்தானேண்ணே ஏழு கிலோவுக்குள்ள வரும்" என்றான் சகலை. கள்ளமே இல்லாமல் சொன்னான். அதற்கு முன் சொன்ன எதுவும் பெட்டிக்காரரை அவ்வளவு தூரம் தைக்கவில்லை. கொஞ்ச நேரம் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதையும் கொஞ்சம் உள்ள வச்சுக் கொடுத்துட்டீங்கன்னா..."

"கால் உடைஞ்சவன் குனியக்கூடாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டர்ண்ணே?"

"நம்ம மாடியில இருக்காரே, அவருதான்."

சகலை தானே அடுக்கினான். மூடவில்லை. பிரித்து அடுக்கினான். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கியது. தராசில் தூக்கினால் ஒன்பது கிலோ நானூறு. ஃபிளாஷைக் கால்சட்டைப் பையில் திணித்தான், பேட்டரிகளைச் சட்டைப்பையில் போட்டான், சார்ஜர் கம்பியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். பாதி திறந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினான்.

"வர்றேண்ணே."

பெட்டிக்காரர் ஜன்னலுக்கு நொண்டிப் போனார். கார் தெருமுனையில் திரும்பிய பிறகும் ஜன்னலோரமே நின்றிருந்தார். துண்டு கட்டிய கால் மரத்துப்போயிருந்தது.

"அந்த மேலாளர்கிட்ட அப்பவே உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"என் சகலை பொய் சொல்றவன்னு வெளியாள்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அவன் சொன்னானே, நீங்க நொண்டின்னு."

அவர் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். அதை மடித்து வைத்தார். மடித்தது சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். பிறகு போனை எடுத்தார். மணி ஐந்துகூட ஆகவில்லை, விமானம் ஆறரைக்குத்தான்.

"சொல்லுங்க சார்" என்றார் மேலாளர். "வலி குறைஞ்சிருக்கா?"

"நான் விழவே இல்ல சார்."

மறுமுனையில் மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "முதல்லேருந்து சொல்லுங்க சார்" என்றார்.