கடைசி வண்டியின் கண்ணாடி

மருந்துக்கடைக்காரர் என் காரின் கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கம், இடது பக்கம், கடைசியாக உள்ளே தலைக்கு மேல் இருப்பது. மாத்திரை மடித்துக் கொடுக்கும் அதே பழுப்புக் காகிதம், அதே நிதானம். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கண்ணாடியைப் பார்க்காமல் கியரில் கை வைத்தால் நடுரோட்டில் இறக்கிவிட்டுவிடுவேன் என்று மிரட்டி மிரட்டியே இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். என் வண்டிக்கே கண்ணைக் கட்டுகிறார்கள்.

"பின்னாடி என் தங்கச்சி கயித்துல வரா. அவ தடுக்கி விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"கயிறு சொல்லும் டீச்சர். இத்தனை வருஷமா அப்படித்தான் ஓட்டியிருக்காங்க."

"அவங்கெல்லாம் லைசென்ஸ் வாங்கினவங்களா?"

அவர் சிரிக்கவில்லை. ஊர்வலத்துக்கு அவர்தான் பொறுப்பு. மற்ற நாளில் நல்ல வேடிக்கையான மனுஷன், அன்று மட்டும் முகத்தை இஸ்திரி போட்டு வைத்திருப்பார்.

வருஷத்தில் அந்த ஒரு நாள் எங்கள் ஊர் முழுக்க விடுமுறை. மத்தியானம் ஊர்வலம். முன்னால் பேண்டு வாத்தியம், அடுத்துப் பள்ளிப் பிள்ளைகள், தீயணைப்பு வண்டி, கடைக்காரர்கள் ஜோடித்துக் கொண்டுவரும் லாரிகள். இதெல்லாம் எந்த ஊரிலும் இருக்கும். கடைசி வண்டிதான் எங்கள் ஊருக்கே உரியது. அதன் பின்னால் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வருவார். வண்டி இழுக்கிற இழுப்புதான் அவருக்கு வழி. முகம் வந்த திசையைப் பார்த்திருக்கும். பஸ் ஏற்றிவிட வந்தவர் மாதிரி ஒரு கையைத் தூக்கி அசைத்துக்கொண்டே வருவார். எதிரே தெரு காலியாகக் கிடக்கும். அந்த வருஷம் சாவு விழுந்த வீடுகளில் ஒன்றிலிருந்துதான் அந்த ஆள் வரவேண்டும்.

வாத்தியச் சத்தம் கேட்டால் செத்துப்போனவர்களும் பழக்க தோஷத்தில் பின்னாலேயே கிளம்பி வந்துவிடுவார்களாம். அவர்களைப் பார்த்துக் கையசைத்தால் போய்விடுவார்கள். கையசைக்காமல் பார்த்தால் கூப்பிட்டதாக அர்த்தம். அதனால்தான் கடைசி வண்டி வரும்போது ரோட்டோரம் நிற்கிற கூட்டமெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும், அசைக்க முடியாது, ஆகவே கண்ணாடிக்குக் காகிதம். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் எல்லாம் முடியும். நடந்தவர் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் குறுக்குச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்து போகவேண்டும்.

நான் இதை நம்பினேனா என்றால், தபால்காரர் வீட்டைத் தாண்டும்போது மட்டும் நம்புவேன். அவர் தன் அம்மாவுக்காக ஒரு வருஷம் நடந்தார். பாதி வழியில் தோள்பட்டை வலித்ததென்று கையைக் கொஞ்சம் தொங்கவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. அந்த வீட்டு மாடியிலிருந்து இன்றைக்கும் இருமல் சத்தம் கேட்கிறது. வீட்டில் அவரைத் தவிர யாரும் கிடையாது. கேட்டால், "அம்மாவுக்குச் சளி விடவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதிப்பார். அவர் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடக்கும். அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை.

இந்த வருஷம் என் தங்கை நடக்கிறாள். அவள் வீட்டுக்காரர் லைன்மேன். மழையில் கம்பத்தில் ஏறியவர் உயிரோடு இறங்கவில்லை. நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். நான் சொல்லிக்கொடுத்தும் உருப்படாத ஒரே ஆள். கிளட்சை மிதிக்கச் சொன்னால் ஹாரனை அடிப்பார். "என்னால கம்பத்துலதான் ஏற முடியும்க்கா, வண்டி என்னை மதிக்க மாட்டேங்குது" என்பார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டவர் அவர்.

அவர் போனதிலிருந்து தங்கை அழவில்லை. பயமே அதுதான். கதவுத் தாழ்ப்பாளைப் போட விடமாட்டாள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, "வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்" என்று உட்கார்ந்திருப்பாள். அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். ஒரு நாள் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டாள். நான் என் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு வந்து இருந்தேன், திட்டினேன், ஊட்டிவிட்டேன், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. அவள் கரைந்துகொண்டே போனாள்.

ஊர்வலத்தன்று காலையில்தான் அவளாகவே பேசினாள். "இன்னைக்கு நான் ஒழுங்கா அனுப்பிட்டேன்னா அவர் போயிடுவார் இல்லக்கா? அப்புறம் நான் கதவைச் சாத்திக்கலாம்."

"சாத்திக்கலாம். கை தொங்கக் கூடாது, அதான்."

"நாள் முழுக்க டாக்டருக்கு லைட் பிடிக்கிற கை இது. தொங்காது."

அவள் அப்படிச் சொன்னபோது எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி, அவள் நடந்து முடிக்கிறவரை வராது என்று தெரியும்.

ஊர்வலம் கிளம்பியது. முதல் கியர், பாதி கிளட்ச், நடக்கிற வேகம். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பின்னால் பார்க்க முடியாமல் ஓட்டுவது கழுத்தைப் பிடித்து யாரோ முன்னால் திருப்பி வைத்த மாதிரி இருந்தது. கயிறு ஏதோ சொல்லத்தான் செய்தது. அவள் காலடி ஒவ்வொன்றும் வண்டியின் பின்பக்கத்தில் லேசாகத் தட்டியது. கடைத்தெருவுக்குள் நுழைந்ததும், என் முன்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சனங்கள் வண்டி நெருங்க நெருங்க ஒவ்வொருவராகச் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். என்னிடம் ஓட்டக் கற்றவர்கள், என் பக்கத்து வீட்டுக்காரர்கள். வெறும் முதுகுகள். முன்னால் வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது, என்னைச் சுற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

பாங்குத் தெரு திருப்பத்தில் கயிற்றில் தட்டல் நின்றது.

ஒரு நொடிதான் இருக்கும். அவள் நின்றுவிட்டாளா, விழுந்துவிட்டாளா, கை தொங்கிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. என் கை தானாகப் போய்த் தலைக்கு மேலே இருந்த காகிதத்தில் ஒரு மூலையைக் கிழித்தது. இன்றைக்கும் சொல்கிறேன், வண்டி ஓட்டத் தெரிந்த எவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

கண்ணாடியில் தங்கையின் முதுகு தெரிந்தது. கை மேலே இருந்தது. நன்றாக, உறுதியாக அசைந்துகொண்டிருந்தது. கயிற்றில் தட்டலும் திரும்ப வந்தது. அவளுடைய தோள்கள் குலுங்கின. அவள் அழுதுகொண்டிருந்தாள். இத்தனை மாதமாக வராத அழுகை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அவளைத் தாண்டி, முதுகுகளுக்கு நடுவே, காலித் தெருவில் மாப்பிள்ளை நின்றார்.

பயப்படும்படியாக ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிற காக்கிச் சட்டை, அது நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அன்று நல்ல வெயில். அவர் தலையைச் சாய்த்து தங்கையையே பார்த்தார். அவள் கை அசைய அசைய ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார். பிறகு, சொன்ன பேச்சுக் கேட்கிற ஆள் மாதிரி, திரும்பி நடந்தார். பள்ளிக்கூடச் சுவரோரமாகப் போனார், சிறியதாக ஆனார், மறைந்துவிட்டார். தங்கை ஜெயித்துவிட்டாள்.

அத்தோடு நான் கண்ணை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவர் மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் அவருக்குப் பெண்டாட்டி, ஊரே வந்து அவளிடம் துக்கம் கேட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு தம்பி போன மாதிரி எனக்கும் இருந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்த்தால் தேவலை என்று நினைத்தேன், வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

வண்டி அமுங்கியது.

பின்சீட்டில் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும். கதவு திறக்கவில்லை. ஆனால் வண்டி இடது பக்கமாக இறங்கி, நிமிர்ந்தது. எஞ்சின் கொஞ்சம் திணறியது. கண்ணாடியில் இப்போது தங்கையின் முதுகு முழுதாகத் தெரியவில்லை. நடுவில் ஒரு ஈரத் தலை மறைத்தது. அந்தப் பக்கம் அவள் காலித் தெருவைப் பார்த்து, பாவம், கையசைத்துக்கொண்டே வந்தாள்.

பாலத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டு என் ஜன்னல் பக்கமாக ஓடிவந்தாள். முகம் வீங்கி, மூக்குச் சிவந்து, அழகாக இருந்தாள்.

"போயிட்டார்க்கா. நான் பாத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"பாத்தியா? சமத்து."

"கால் விட்டுப்போச்சு. பசி வேற. வண்டியிலேயே வரேனே."

அவள் கை பின்கதவுப் பிடிக்குப் போனது. நான் பூட்டை அழுத்திவிட்டேன்.

"நடந்துதான் போகணும். போ."

"எல்லாம் முடிஞ்சுதே. இனிமே யாரு பாக்கப்போறா?"

"போடின்னா போ. இவ்வளவு தூரம் ஒழுங்கா செஞ்சுட்டு இப்ப என்ன அவசரம்?"

அவள் கொஞ்சம் சுணங்கினாள். பிறகு என் கன்னத்தை ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சந்துக்குள் போனாள். திரும்பியிருந்தால் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஈரம் பூத்திருப்பதைப் பார்த்திருப்பாள்.

எல்லா வண்டிகளும் பாலத்துக்கு முன்பே திரும்பி வேறு தெரு வழியாக ஊருக்குள் போகும். நான் பாலத்தின் மேல் ஏறினேன். அக்கரையில் புளியமரத்தடியில் நிறுத்தி, மீதிக் காகிதத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கையசைத்தேன். தங்கை செய்த மாதிரியே, நிதானமாக, கை வலிக்கிறவரை.

அவரும் எனக்குக் கையசைத்தார். சந்தோஷமாக இருந்தார். இறங்கவில்லை.

"மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இறங்கிடுங்க" என்றேன். கெஞ்சினேன், திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே சீட்டில் இன்னும் வசதியாகச் சாய்ந்தார். நான் எங்கே போனாலும் இவர் வருவார் என்று எனக்குப் புரிந்தது. தங்கை வீட்டுக்குப் போனால் அங்கேயும் வருவார். அவர் வந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும், அவரோடு உட்கார்ந்துவிடுவாள், தபால்காரருக்கு ஆனதுதான் அவளுக்கும். அவள் எழுந்துவிட்டாள், இனி விழவிடக் கூடாது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. அந்த வீட்டுப் படி நான் இனி ஏறக்கூடாது.

செல்போன் அடித்தது. அவள்தான்.

"எங்கக்கா இருக்க? நான் ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுட்டேன், தெரியுமா? உனக்கும் எடுத்து வெச்சிருக்கேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கேன், வந்தா தட்டு." வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாள். அந்தச் சத்தத்தைக் கேட்க நான் எத்தனை நாள் ஏங்கினேன்.

"நீ சாப்பிடு. நல்லாத் தூங்கு."

"நீ எப்ப வர?"

பின்சீட்டில் அவர் முன்னால் குனிந்தார். போனில் கேட்கும் அவள் குரலுக்குக் காதைக் கொடுத்தார். என் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவள் குரல் வெளியே கேட்காதபடி போனைக் காதோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு சொன்னேன்.

"வண்டியில ஆள் இருக்கும்மா. அப்புறம் பேசறேன்."