துணி அறையில் ஐந்தரை மணி

பௌர்ணமிக்கு மறுநாள் லாட்ஜின் இருபத்தாறு அறைகளும் ஒரே காலையில் காலியாகும். தர்மவதி மூன்றாம் மாடியிலிருந்து விரிப்புகளை உருவிக்கொண்டே இறங்கினாள். வெறுங்காலில் கிரிவலம் சுற்றியவர்கள் படுத்த விரிப்புகளில் கால்மாட்டில் மட்டும் கறை அழுத்தமாக இருக்கும். அவற்றைத் தனியாக மூட்டை கட்டிப் படியில் உருட்டிவிட்டாள். கீழே எழில் பிடித்துக்கொண்டாள். அவளும் அங்கே அறை பெருக்குபவள்.

"அக்கா, மேனேஜரு உன்னக் கூப்புடறாரு. மொதலாளியும் வந்துக்கீறாரு. போன வாரம் தங்கிட்டுப் போச்சே ஒரு குடும்பம், அந்தப் பொண்ணு ஈரத் துணியோட வராந்தாவுல நின்னது நெட்டுல வந்துட்ச்சாம். நம்ம கேமராவுல எடுத்ததாம்."

"அதுக்கு நான் எதுக்குடி?"

எழில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

வரவேற்பு மேசையில் மேனேஜர் மூர்த்தி கணினியில் ஒரு படத்தை நிறுத்தி வைத்திருந்தார். துணி அறை. அலமாரியின் மேல்தட்டில் எல்லாக் கேமராக்களின் பதிவும் சேரும் பெட்டி பச்சை விளக்கோடு இருந்தது. அதன் அடியில், தரையில், தர்மவதியின் முதுகு. படத்தின் ஓரத்தில் நேரம் 5.31. அவர் அடுத்த நாளுக்குத் தள்ளினார். 5.28. அதற்கடுத்த நாள் 5.33.

"தெனம் அஞ்சரைக்கு கதவ சாத்திக்கினு தனியா அங்க இன்னாம்மா வேல?"

"சாப்புடறேன் சார். நாங்க ஜைனருங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடணும், அப்புறம் எதுவும் வாய்ல வெக்கக் கூடாது. ஏழு வரைக்கும் டூட்டி. சேரும்போதே சொன்னேனே."

"முதுகுதான தெரியுது. கை இன்னா பண்ணுதுனு யாருக்குத் தெரியும்?" என்றார் முதலாளி.

"கை தயிர் சோறு பிசஞ்சிது சார்."

படிக்கட்டில் எழில் சிரிப்பது கேட்டது. முதலாளி திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

கணவன் தரணேந்திரன் மார்வலியில் போன பிறகு அவளுக்கு இந்த வேலைதான். இங்கே இப்படி ஒரு பேரோடு வெளியே போனால் கோயிலைச் சுற்றி எந்த லாட்ஜும் படியேற விடாது. அவர்களுக்குள் போனிலேயே விசாரித்துக்கொள்வார்கள்.

அவள் வாசலுக்குப் போனாள். அங்கே முருகவேல் ஏணியைச் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கேமராக்களைப் பொருத்தியவன் அவன்தான்.

"தம்பி, அந்தப் பெட்டிய நான் தொட்டேனா? நீயே சொல்லு."

அவன் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அத யாரும் தொடவே வேணாங்க்கா. எவனாவது எந்த ஊர்லயாவது ஒக்காந்துக்கினே நெட்டுல தொறப்பானுங்க. கம்பெனில போட்டு வர பாஸ்வேர்ட மாத்தணும். நான் மாத்தல. ஆளுக்கொன்னு வெச்சா மறந்துட்டு என் உயிர வாங்குவாங்கனு பத்து லாட்ஜுக்கும் அதேதான் வுட்டுட்டேன்."

"அத உள்ள வந்து சொல்லுப்பா."

"சொன்னா பத்து லாட்ஜும் கைய வுட்டுப் போயிடும்க்கா. உனக்கென்ன, ஒரு வேலதான்." சொன்ன பிறகு அவனுக்கே அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தர்மவதி உள்ளே போய் அப்படியே சொன்னாள். மூர்த்தி, "நீ தெனம் வர கீழ்பென்னாத்தூர் பஸ்ல கம்ப்யூட்டரும் சொல்லித் தராங்களா?" என்றார். முருகவேலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்தபடி, "பெட்டி பக்கத்துல ஆளு போவக் கூடாது சார், அவ்ளோதான் எனக்குத் தெரியும்," என்றான்.

"போலீஸ்னு போனா லாட்ஜ் பேருதான் நாறும்," என்று முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டார். "இன்னிக்கே அனுப்பிடு. அந்தக் குடும்பத்துக்கும் ஆள நிறுத்தியாச்சுனு சொல்லிடு."

"பையில இருக்கறத ஒன்னொன்னா எடுத்து வைம்மா," என்று மூர்த்தி மேசைக்கு நேர் மேலே இருந்த கேமராவைக் காட்டினார். "எல்லாம் பதிவாவட்டும்."

சீப்பை வைத்தாள். தைலப் புட்டி. மூக்குக்கண்ணாடி. மடித்த மாற்றுப் புடவை, அதற்குள் சுருட்டிய பாவாடை, ரவிக்கை.

மேலே 'கிர்' என்று ஒரு சத்தம். அதுவரை வாசலைப் பார்த்திருந்த அந்தக் கேமரா மெல்லத் திரும்பி அவள் மேல் வந்து நின்றது. கணினியை யாரும் தொடவில்லை; கேமராவைத் திருப்பக்கூடிய மூர்த்தியின் போனும் மேசையில் அணைந்து கிடந்தது. முதலாளி கட்டிய கையைப் பிரிக்கவில்லை. முருகவேல் ஏணியை விடவில்லை. நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மூர்த்திதான் முதலில் தலையைக் குனிந்தார்.

"பொடவைய உதறிக் காட்டும்மா."

தர்மவதி மடிப்பைப் பிரித்து உதறினாள். கேமரா இன்னும் கொஞ்சம் கீழே குனிந்தது.