ஒன்றுமில்லை என்றாலும் சொல்ல வேண்டும்

திங்கட்கிழமை நண்பகலுக்குள் ஊரிலுள்ள ஒவ்வொரு கிளினிக்கும் சுகாதாரத் துறைக்குப் போன் செய்து, யாருக்காவது தொற்றுநோய் வந்ததா என்று சொல்லிவிட வேண்டும். வரவில்லையென்றால் "ஒண்ணுமில்ல" என்றாவது சொல்ல வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் கணக்கில் சேராது. அந்தப் போனை எடுப்பவள் இதில் மகா கறார். கட்டின புருஷனுக்கும் அதே சட்டம்தான்.

அதில்தான் வினை வந்தது. மூலைத்தெரு கிளினிக்கில் கம்பவுண்டராக இருக்கும் அவள் புருஷன் போன வாரம் போன் செய்ய மறந்துவிட்டார். அவள் தயவுதாட்சண்யம் பார்க்காமல் 'தகவல் வரவில்லை' என்று மேலே அனுப்பிவிட்டாள். டாக்டர் அவரை வறுத்தெடுத்துவிட்டார்.

"பொண்டாட்டிதானே, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?" என்று வீட்டுக்கு வந்து பாய்ந்தார்.

"ஊர்ல எல்லாருக்கும் போன் போட்டா கேக்கறேன்?"

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அவர் படுக்கை கூடத்துக்குப் போனது. காலையில் அவள் எழுவதற்குள் கிளம்பிவிடுவார். ராத்திரியில் அவர் இருமும்போதெல்லாம், வேண்டுமென்றே கனைத்துக் காட்டுகிறார் என்று நினைத்து இவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஊருக்குத்தான் உபதேசம்!

இந்தத் திங்களும் மற்றவர்களெல்லாம் சொல்லிமுடித்தாயிற்று, அவரிடமிருந்து மட்டும் சத்தமில்லை. போன வாரம் மறதி, இந்த வாரமும் என்றால் வீம்பு. வீம்பு முற்றினால் குடும்பம் என்னாவது? அவளே எண்ணை அழுத்தப் போனாள். அதற்குள் போன் அடித்தது.

"மூலைத்தெரு கிளினிக், மேடம். ஒரு கேஸ்."

"சொல்லுங்க சார்."

"தட்டம்மையா இருக்கும்னு டாக்டர் சொல்றார். ஆம்பளை, நாப்பத்தெட்டு வயசு. நாலு நாளா காய்ச்சல், இருமல். இன்னிக்கு மூஞ்சியெல்லாம் தடிப்பு."

"விலாசம்?"

மறுமுனையில் இருமல். அந்த இருமல் அவளுக்குத் தெரிந்த இருமல்.

"உங்க விலாசம்தான், மேடம்."

பேனா நின்றுவிட்டது. ஊரில் எவன் தும்மினாலும் விசாரிக்கிறவள், சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்த காய்ச்சலை விசாரிக்கவில்லையே! தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்.

"நெருங்கிப் பழகினவங்க யார் யாரு?"

"கிளினிக்ல இருக்கறவங்க பேரை டாக்டர் அனுப்புவார். வீட்ல..." குரல் இறங்கியது. "வீட்ல ஒருத்தரும் இல்ல, மேடம். ஒரு வாரமா."

அவள் பேனா மறுபடியும் ஓடியது.

"அப்படியெல்லாம் எழுத முடியாது. ஒருத்தின்னு போட்டுட்டேன். எனக்கு ஊசி போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது. யார்கிட்டயும் போகாம தனியா உக்காருங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

மறுமுனையில் திரும்பவும் இருமல்தான் கேட்டது.

"என்னங்க? இன்னும் கோவம் ஏதாவது இருக்கா? இல்லேன்னாலும் வாயத் திறந்து சொல்லணும்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல," என்றார்.

"நல்லவேளை, நேரத்துக்குச் சொல்லிட்டீங்க," என்றாள் அவள், செருப்பைத் தேடிக்கொண்டே.