நாலு நிலையத்துக்கு ஒரு சிலிண்டர்

அன்று காலை அவசரப் பிரிவு அறையில் இருந்தவர்கள்: நர்சம்மா. மருந்து கொடுக்கிறவர், ஒரு கண் வாசலில். கட்டிலில் என் அக்கா. கால்மாட்டில் நான், இங்கே இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாதவன். தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர். டாக்டர் இல்லை. அவர் இல்லாதது யாருக்கும் செய்தியும் இல்லை.

சிலிண்டர் எங்களுடையது அல்ல. வட்டாரத்தில் நாலு சுகாதார நிலையங்கள். காற்று உள்ள சிலிண்டர் ஒன்றுதான். மற்றவை காலி. நிரப்பப் போனவை, போனவைதான். நிலையங்களைச் சோதித்து மார்க்கு போடுகிற மேடம் வரும் நாளில் மட்டும் அந்த ஒன்று எல்லா நிலையத்திலும் இருக்கும். மேடம் ஓரிடத்தில் பார்த்து முடித்து டீ குடிக்கிற நேரத்தில் அது ஆம்புலன்சில் ஏறி, அடுத்த நிலையத்தில் இறங்கி, கழுவிய தரையில் பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்பதுபோல நிற்கும். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நத்தை என்று பெயர். வண்டி ஓட்டுகிற வேகத்துக்காக வைத்தது. இந்த வேலை வந்தபிறகு முதுகுச் சுமைக்கும் பொருந்திவிட்டது.

இதில் யாரும் வெட்கப்படவில்லை. மார்க்கு குறைந்தால் நிலையத்தை மூடுவார்கள். தரமில்லாத சேவையைவிடச் சேவையே இல்லாதது மேல் என்று மேலே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஆற்றுப் பக்கத்து நிலையத்தை அப்படித்தான் மூடினார்கள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இப்போது ரோட்டில் பிரசவம். ரோட்டுக்கு யாரும் மார்க்கு போடுவதில்லை.

அக்காவுக்குப் பஞ்சுக் கழிவு பிரிக்கிற ஆலையில் வேலை. நெஞ்சு முழுக்கத் தூசி. விடிந்து கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்தார் அவளைத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். உதடு நீலம். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. மிஷினில் வைத்துப் புகையாக இழுக்கிற மருந்து தீர்ந்து மாதக்கணக்காகிறது. ஊசி போட்டும் இரைப்பு இறங்கவில்லை. நான் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் அந்தக் கழுத்துக் குழியைப் படிக்கப் பட்டம் தேவையில்லை.

"சிலிண்டர் இருக்கே, நர்சம்மா."

"அது மேடம் பார்க்கறதுக்கு வந்ததுடா."

"மேடம் பார்க்கட்டும். அக்கா மூச்சு விடட்டும். ஒண்ணுக்கொண்ணு என்ன சண்டை?"

"மீட்டர் முள்ளு இறங்கும். பச்சைக் கோட்டுக்குக் கீழ போனா நாலு இடமும் காலி."

"பச்சைக்கு மேல எவ்வளவோ இருக்கு. நிதானமா விடுங்க."

நர்சம்மா என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் விரல் நகங்களைப் பார்த்தார். பிறகு திருகைத் திறந்தார். "நீ வந்து சேர்ந்த நேரம் பாரு தாயி, கல்யாண வீட்டுல பந்திக்கு முன்னால கை வைக்கிற மாதிரி," என்றபடி மாஸ்க்கை மாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் உதட்டின் நிறம் திரும்பியது. அக்கா கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

மேடம் வந்தார். சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார். குப்பைத் தொட்டிகளின் நிறம் பார்த்தார். படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் கையிலிருந்த டேப்லெட்டில் படம் எடுத்தார். எடுத்த படம் அப்போதே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். கட்டிலுக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"உண்மையான நோயாளி! நிஜமாவே பயன்பாட்டுல இருக்கற சிலிண்டரை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அவசரப் பிரிவுக்கு முழு மார்க்கு." முள்ளோடு சேர்த்து அக்காவின் முகத்தையும் படம் எடுத்தார். பிறகு ஒரு அட்டையை நீட்டினார். அதில் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். "இங்க கிடைச்ச சேவை எப்படிம்மா இருந்தது? பேச வேண்டாம், தொட்டுக் காட்டுங்க."

அக்கா நர்சம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

மேடம் டீ குடிக்க வெளியே போனார். நானும் பின்னால் போனேன். "மேடம், அந்த சிலிண்டர் எங்களது இல்ல. இப்ப கழட்டி அடுத்த இடத்துக்குக் கொண்டு போயிடுவாங்க. எங்கக்கா செத்துடுவா."

அவர் டீயைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. களைப்புதான் தெரிந்தது.

"எல்லா இடத்துலயும் ஒரே இடத்துல பெயின்ட் உரிஞ்ச சிலிண்டர். எனக்குக் கண் தெரியாதுன்னு நினைச்சியா?"

"அப்ப எழுதுங்க மேடம்."

"எழுதறேன். எழுதினா பூஜ்யம். பூஜ்யம்னா பூட்டு. நாலுக்கும் சேர்த்து. அடுத்த வாரம் இன்னொருத்தனோட அக்கா வந்து நின்னா, பூட்டுகிட்ட போய்ப் பேசுவானா? நீயே சொல்லு. நீ சொல்றதை எழுதறேன்." பேனாவை எடுத்தே விட்டார்.

அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

நான் உள்ளே போனபோது நத்தை வந்துவிட்டிருந்தார். சிலிண்டரில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை.

"நத்தையண்ணே, தொடாதீங்க."

"தம்பி, எனக்கு மட்டும் ஆசையா? அடுத்த நிலையத்துல வாசல்லயே நிக்கறாங்க. மேடம் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேரணும். என் வண்டி போற லட்சணம் உனக்குத் தெரியும்."

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. சிலிண்டரோட, அக்காவோட. இப்பவே."

"அது எதிர்ப்பக்கம். போனா மத்த மூணு இடமும் இன்னிக்கே அவுட். அந்தப் பாவத்தை நீ சுமப்பியா, நான் சுமப்பேனா?"

நர்சம்மாதான் அதைச் சொன்னார். "கழட்ட வேண்டாம். அவளையும் சேர்த்து ஏத்து. அடுத்த இடத்துல மேடம் பார்த்துட்டுப் போனதும் அங்கிருந்து நேரா பெரிய ஆஸ்பத்திரி. கடைசி ரெண்டு இடத்துக்கு நான் போன்ல அழுதுக்கறேன், நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்லி. சரியா நத்தை?"

நத்தை தலையைச் சொறிந்தார். "சிலிண்டரோட ஆளும் இலவசமா? சரி, ஏத்துங்க."

வண்டியில் சிலிண்டரை என் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு குழிக்கும் முள் ஆடியது. அக்கா மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"சிரிச்ச மூஞ்சியத்... தொட்டேனே. மார்க்கு... வந்துச்சா?"

"முதல் மாணவி நீதான். வாயை மூடு, காத்து வீணாகுது."

"எருமை," என்றாள். அது அவள் என்னைக் கூப்பிடுகிற பெயர். அதைச் சொல்ல முடிந்தது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த நிலையத்தின் நர்ஸ் வயதில் சின்னவள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவள். வாசல்படியில் நின்றிருந்தாள். சிலிண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள், கூடவே அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இவங்க யாரு?"

சொன்னேன்.

"அங்க இவங்களைப் படம் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"ஐயோ. அதே மூஞ்சி இங்கயும் வந்தா? ஒரே நோயாளி, ஒரே நாள், ரெண்டு நிலையம். மேல உட்கார்ந்திருக்கறவன் எல்லாருக்கும் சேர்த்துச் சீட்டுக் கிழிச்சிடுவான்."

"மேடத்துக்கு ஏற்கனவே தெரியும்."

"தெரியறது வேற அண்ணா, படம் வேற. தெரிஞ்சதை மறந்துடலாம். படத்தை யாரு மறப்பா?"

"போர்வையால மூடி வைக்கலாம்."

"போர்வையை விலக்கித்தான் படம் எடுப்பாங்க. போன தடவை தூங்கிட்டிருந்த கிழவரை எழுப்பி உட்கார வெச்சு எடுத்தாங்க." அவள் முள்ளைக் குனிந்து பார்த்தாள். பச்சைக் கோட்டின் கீழ்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் குரல் இறங்கியது. "இனி திறந்து வெச்சா சிவப்புக்குப் போயிடும். மேடம் முள்ளைத்தான் முதல்ல எடுப்பாங்க."

"அதுவரைக்கும் இவ என்ன செய்வா?"

அவள் நடைக் கடைசியில் இருந்த ஸ்டோர் ரூமைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"பத்து நிமிஷம் அண்ணா. சாமி சத்தியமா பத்தே நிமிஷம். இங்க வேகமா பார்த்துட்டுப் போயிடுவாங்க. பின்வாசல்ல வண்டியை ஸ்டார்ட்ல வெச்சிருக்கச் சொல்றேன். அவங்க கார் திரும்பின உடனே மாஸ்க்கை மாட்டிடலாம்." அவள் கண்ணில் நீர் நின்றது. "உள்ள ரெண்டு பொண்ணுங்க பிரசவ வலில இருக்காங்க. இதை மூடிட்டா அவங்க எங்க போவாங்க?"

நத்தை கையிலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள் என்றேன். இருக்கிற காற்று பாதி வழிகூடத் தாங்காது என்றார் கடைசியில். மேடம் போனபிறகு மட்டும் தாங்குமா என்று நான் கேட்கவில்லை. இந்த நிலையத்தில் அந்தப் புகை மருந்து இருந்தது. அதை இப்போது கொடுக்க முடியாது, மிஷின் மேடம் பார்க்கிற மேசையில் இருக்கிறது. பார்த்து முடிந்ததும் கொடுத்துவிட்டால் வழி தாங்கும் என்றாள் அந்தப் பெண். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"நீயும்... வா."

திருகை நானே மூடினேன். வேறு யாராவது மூடியிருந்தால் அடித்திருப்பேன். மாஸ்க்கைக் கழற்றி நர்சின் கையில் கொடுத்தேன். அவள் ஓடிப்போய் அதைத் துடைத்து, மடித்து, சிலிண்டரின் கழுத்தில் அழகாக மாட்டினாள்.

அக்காவைத் தூக்கினேன். கனமே இல்லை. நடையைக் கடப்பதற்குள் அவள் மூச்சு மாறிவிட்டது. ரம்பத்தால் அறுக்கிற சத்தம். ஸ்டோர் ரூமில் ஜன்னல் கிடையாது. பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், உடைந்த கட்டில்கள், காலி சிலிண்டர்கள் மூன்று. அவளைச் சுவரோடு உட்காரவைத்து, முன்னால் குனிந்து என் தோளில் சாய்ந்துகொள்ளச் செய்தேன். படுக்க வைக்கக் கூடாது, அது எனக்குத் தெரியும்.

நர்ஸ் வாசலில் நின்றாள். கையில் பூட்டு.

"பூட்டணுமா?"

"ஒவ்வொரு கதவா திறந்து பார்ப்பாங்க அண்ணா. பூட்டியிருந்தா, சாவி ஸ்டோர்காரர்கிட்ட இருக்கு, அவர் லீவுன்னு சொல்லிடலாம்." அவள் தயங்கினாள். "மூச்சு சத்தம்... கொஞ்சம் வெளியே கேட்குது."

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற?"

முற்றத்தில் கார் வந்து நின்றது. கதவு திறக்கிற சத்தமும், "வாங்க மேடம், வாங்க" என்று நத்தையின் குரலும் கேட்டன, வழக்கத்தைவிட உரக்க.

அக்காவின் விரல்கள் என் முதுகில் இறுகின. நகங்களைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. இருந்த வெளிச்சமும் மெலிந்து ஒரு கோடானது. நர்ஸ் எங்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.